சர்வர் யாருடைய எடுபிடி?
வீட்டில் ஒரு வழங்கியை நிறுவுவது குறித்து

1

'சர்வர்' என்றதும் தமிழ் மனத்தில் முதலில் வந்து நிற்பவர் ஓட்டல்காரர்தான். தோளில் துண்டு, கையில் நாலு தட்டு, வாயில் பட்டியல். 1964இல் 'சர்வர் சுந்தரம்' என்று ஒரு படத்திற்கே பெயர் வைக்கும் அளவுக்கு அந்தச் சொல் நம்முடையதாகிவிட்டது. கேட்டதைக் கொண்டுவந்து வைப்பவர் சர்வர். கணினித்துறையிலும் இதே பொருள்தான். ஒரு கணினி கேட்கிறது, இன்னொரு கணினி கொண்டுவந்து வைக்கிறது. கொண்டுவந்து வைப்பதற்குப் பெயர் சர்வர். 'வழங்கி' என்று தமிழாக்கியிருக்கிறார்கள், நல்ல சொல். இந்தக் கட்டுரையில் இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறேன்.

நாம் யோசிக்க வேண்டிய இடம் இதுதான். எடுபிடி வேலைக்கு என்று பெயர் வைக்கப்பட்ட இயந்திரம் கடந்த முப்பது ஆண்டுகளில் எப்படிப் பண்ணையாராக மாறியது? இன்று நாம் எழுதுகிற கவிதை, எடுக்கிற புகைப்படம், தயாரிக்கிற துண்டறிக்கை, உண்மையறியும் குழுவின் அறிக்கை எல்லாம் எங்கோ யாருக்கோ சொந்தமான வழங்கிகளில் குடியிருக்கின்றன. வாடகை வாங்குவதில்லை என்பதால் அது நம் வீடு என்று நினைத்துக்கொள்கிறோம். கல் நட்டு எல்லை போட்டவன் ஒருநாள் வந்து காலி பண்ணச் சொல்கிறபோதுதான் நாம் புறம்போக்கில் இருந்தோம் என்பதே தெரிகிறது.

இது உருவகம் மட்டுமன்று. 1994இல் தொடங்கி 1999இல் யாகூவின் கைக்குப் போன ஜியோசிட்டீஸ் என்ற இலவசக் குடியிருப்பில் 90களின் இறுதியில் தமிழில் பக்கம் போட்ட பலரும் குடியேறினார்கள். 2009 அக்டோபரில் அதை இழுத்து மூடினார்கள். மரத்தடி போன்ற தமிழ்க் குழுமங்கள் இயங்கிய யாகூ குழுமங்கள் 2020 டிசம்பரில் மூடப்பட்டன. யாரும் தடை போடவில்லை, யாரும் எரிக்கவில்லை. இலாபம் வரவில்லை, மூடிவிட்டார்கள். அவ்வளவுதான்.

தருமபுரி மாவட்டத்தில் இருந்துகொண்டு யோசிக்கிறவர்களுக்கு இந்தக் கால அளவுகள் வேறொன்றை நினைவூட்டும். அரூர் அருகே வாச்சாத்தியில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் புகுந்தது 1992 ஜூன் 20. தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2011 செப்டம்பர் 29. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் இடையில் இறந்துபோக, மீதமிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்றது தீர்ப்பு. சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023 செப்டம்பர் 29. ஆக, முதல் தீர்ப்புக்கே 19 ஆண்டு. எல்லாம் சேர்த்து 31 ஆண்டு. ஜியோசிட்டீஸின் மொத்த ஆயுள் 15 ஆண்டு. ஒடுக்கப்பட்டவர்களின் வழக்கு நடக்கிற காலம், பெருநிறுவனங்களின் 'சேவை' உயிரோடிருக்கிற காலத்தைவிட நீளமானது. மனுக்களும் வாக்குமூலங்களும் காகிதத்தில் கட்டுக்கட்டாகப் பாதுகாக்கப்பட்டதால்தான் அப்படிப்பட்ட வழக்குகள் நின்றன. நாளைய வழக்குகளின் தாள்கள் கணினிக் கோப்புகளாக இருக்கப்போகின்றன. அவற்றை யார் வீட்டில் வைப்பது?

நம் வீட்டில் வைக்கலாம் என்பதுதான் இந்தக் கட்டுரை. பொம்மிடியிலும் வைக்கலாம். எப்படி என்பதையும், வைப்பதால் என்ன மாறும் என்ன மாறாது என்பதையும் பார்ப்போம்.

2

முதலில் ஒரு மாயையைக் கலைத்துவிட வேண்டும். வழங்கி என்றதும் குளிரூட்டிய பெரிய கூடம், வரிசை வரிசையாகக் கறுப்பு அலமாரிகள், மினுக்கும் விளக்குகள் என்று ஒரு பிம்பம் நமக்குள் கட்டமைக்கப்பட்டிருக்கிறது. பாமரர் நெருங்கக் கூடாத கருவறை மாதிரி. உண்மையில் வழங்கி என்பது ஓர் இயந்திரத்தின் பெயரே அல்ல, அது ஒரு வேலையின் பெயர். எந்தக் கணினி அந்த வேலையைச் செய்கிறதோ அது வழங்கி. உலகின் முதல் இணைய வழங்கி 1990இன் இறுதியில் ஜெனீவா அருகே செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீயின் மேசையில் இருந்த நெக்ஸ்ட் கணினிதான். யாராவது தெரியாமல் நிறுத்திவிடப்போகிறார்கள் என்று 'இது ஒரு சர்வர், அணைக்காதீர்கள்' என்ற பொருளில் சிவப்பு மையால் எழுதி ஒரு சீட்டை அதன்மேல் ஒட்டி வைத்திருந்தார்கள். நம் ஊரில் மோட்டார் கொட்டகையில் எழுதி வைப்பதில்லையா, அது போல.

இணையத்தின் அடிப்படை விதிகளில் வாங்குகிறவன் சாதி, வழங்குகிறவன் சாதி என்று பிறப்பால் இரண்டு கிடையாது. எந்த இயந்திரமும் கேட்கலாம், எந்த இயந்திரமும் தரலாம். நாம் 'வாங்கி'களாக மட்டும் ஆக்கப்பட்டது பிற்பாடு நடந்த வரலாறு. தொலைபேசிக் கம்பி வழியாக இணைப்புத் தந்த காலத்தில் இறக்குகிற வேகத்தை அதிகமாகவும் ஏற்றுகிற வேகத்தைக் குறைவாகவும் வைத்தார்கள். நீ வாசி, பார், வாங்கு. பேசாதே என்பது அந்த வேக வித்தியாசத்திலேயே எழுதப்பட்டிருந்தது. தொழில்நுட்பம் நடுநிலையானது என்று நம்புகிற நண்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இப்போது இயந்திரத்திற்கு வருவோம். 2011 செப்டம்பரில் தமிழக அரசு பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி தரத் தொடங்கியது. நம் ஊர்களில் அப்படி வாங்கிய மடிக்கணினி பரணிலோ பீரோவின் மேலோ கிடக்காத தெரு இருக்காது. முதல் தலைமுறையாகப் படிக்கப்போன பிள்ளைகளின் வீடுகளில் அது இன்றும் கிடக்கிறது. ஏன் கிடக்கிறது? கெட்டுப்போனதாலா? பெரும்பாலும் இல்லை. மெதுவாகிவிட்டது, அதனால் ஒதுக்கிவிட்டார்கள். விண்டோஸ் 11 வேண்டுமானால் குறைந்தது 4 ஜிபி நினைவகமும் ஒரு தனிப் பாதுகாப்புச் சில்லும் வேண்டும் என்கிறது மைக்ரோசாஃப்ட். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவை 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திவிட்டது. உடம்பில் தெம்பு இருக்கிறவரை ஓய்வுக்கு அனுப்புகிற இந்த ஏற்பாட்டில் 'பழசு' என்பது இயந்திரத்தின் பண்பு அல்ல. அது சந்தை கொடுக்கிற பட்டம்.

அந்த மடிக்கணினியை நம் வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம். இன்னும் சொன்னால், வழங்கிக்கு அது புதுக் கணினியைவிடப் பொருத்தமானது. உள்ளேயே பேட்டரி இருக்கிறது. கரண்ட் போனால் உடனே அணையாது. தனியாக யுபிஎஸ் வாங்க வேண்டாம். (பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் அதைக் கழற்றிவிட்டு நேரடி மின்சாரத்தில் ஓட்ட வேண்டும். உப்பிய பேட்டரி தீப்பிடிக்கும், விளையாட்டு இல்லை.) மின்செலவையும் கணக்குப் பார்த்துவிடலாம். திரை அணைந்த பழைய மடிக்கணினி சுமார் 15 வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொண்டால் இரண்டு மாதத்திற்கு, அதாவது 60 நாளைக்கு, ஏறக்குறைய 22 யூனிட். ராஸ்பெர்ரி பை என்று 2012 முதல் விற்கிற உள்ளங்கை அளவுக் கணினியாக இருந்தால் 5 வாட் கணக்கில் 7 யூனிட் சொச்சம். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்திற்கு 100 யூனிட் இலவசம் என்கிற தமிழ்நாட்டில் இது ஒரு பெரிய செலவில்லை.

3

இயந்திரம் பழசு, ஆகவே இயங்குதளம் லேசாக இருக்க வேண்டும். லேசு என்றால் என்ன?

நாம் கணினி என்று பார்ப்பதில் பெரும்பகுதி அலங்காரம். சன்னல்கள், படங்கள், அசைவுகள், ஓசைகள். இவை திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற மனிதருக்காக. வழங்கியின் முன்னால் யாரும் உட்கார்வதில்லை. மூலையில் கிடந்து வேலை செய்கிற இயந்திரத்துக்குத் திரைச்சீலை எதற்கு? அலங்காரத்தை எடுத்துவிட்டால் 2 ஜிபி நினைவகம் கொண்ட பழைய கணினிகூடத் தாராளமாகிவிடும்.

இப்படிச் சுருக்கிக் கட்டப்பட்ட லினக்ஸ் இயங்குதளங்களில் ஒன்று ஆல்பைன். வன்தட்டில் நிறுவ அதன் குறைந்தபட்சத் தேவை ஏறக்குறைய 130 எம்பி. நாம் கைப்பேசியில் எடுக்கிற சில நிமிட வீடியோ அளவுதான். இதன் சுருக்கத்துக்கு முக்கியக் காரணங்கள் இரண்டு. மற்ற லினக்ஸ்களில் இருக்கும் பெரிய அடிப்படை நிரலகத்துக்குப் பதிலாக 'மஸ்ல்' என்ற சிறிய நிரலகத்தைப் பயன்படுத்துகிறது. நூற்றுக்கணக்கான தனித்தனிக் கருவிகளுக்குப் பதிலாக 'பிசிபாக்ஸ்' என்ற ஒரே கருவியை வைத்திருக்கிறது. இந்த பிசிபாக்ஸின் பிறப்பு சுவாரசியமானது. 1995இல் புரூஸ் பெரென்ஸ் என்பவர் டெபியன் லினக்ஸை நிறுவுவதற்கு வேண்டியதையெல்லாம் ஒரே ஒரு ஃபிளாப்பித் தட்டுக்குள், அதாவது 1.44 எம்பிக்குள், அடக்கப் பார்த்தார். அந்த நெருக்கடியில் பிறந்தது இது. இடம் இல்லாதவர்கள் கண்டுபிடிக்கிற சிக்கனம், இடம் இருப்பவர்களுக்குத் தோன்றுவதில்லை.

மஸ்ல் சிறியது என்பதால் ஒரு தொல்லையும் உண்டு. பெரிய நிரலகத்தை எதிர்பார்த்துத் தயாரிக்கப்பட்ட சில மென்பொருள்கள் ஆல்பைனில் ஓடாது. அப்படிப்பட்டவை தேவைப்படுகிறவர்கள் டெபியனையே திரைச்சீலை இல்லாமல் நிறுவிக்கொள்ளலாம். கொஞ்சம் கனம் கூடும், ஆனால் உதவிக் குறிப்புகளும் அதற்குத்தான் அதிகம். நம்மைப் போலக் கட்டுரை, அறிக்கை, பத்திரிகை வைக்கிறவர்களுக்கு ஆல்பைன் போதும்.

நிறுவும் வழி இது. ஆல்பைனின் தளத்திலிருந்து உங்கள் கணினிக்கு ஏற்ற கோப்பை இறக்கி ஒரு பென் டிரைவில் எழுதிக்கொள்ள வேண்டும். சும்மா நகலெடுத்துப் போட்டால் வேலைக்காகாது, அதற்கென்று உள்ள மென்பொருளால் எழுத வேண்டும். பழைய கணினியில் அதைச் செருகி, வன்தட்டிலிருந்து அல்லாமல் பென் டிரைவிலிருந்து தொடங்கச் சொன்னால் கறுப்புத் திரையில் பெயர் கேட்கும். 'ரூட்' என்று அடித்தால் கடவுச்சொல் இல்லாமலே உள்ளே விடும். பிறகு 'செட்டப்', ஒரு சிறு கோடு, 'ஆல்பைன்' என்று ஆங்கில எழுத்தில் அடித்தால் வரிசையாகக் கேள்விகள் வரும். விசைப்பலகை எது, இயந்திரத்துக்கு என்ன பெயர், வலையமைப்பு எது, கடவுச்சொல் என்ன, நேரம் எந்த ஊர் நேரம் (கொல்கத்தா என்று சொன்னால் போதும்). கடைசியில் எந்த வட்டில் நிறுவுவது என்று கேட்கும். வட்டைச் சொல்லி 'சிஸ்' என்ற முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்த இடத்தில் நின்று நிதானியுங்கள். 'ஆம்' என்று சொன்ன மறுநொடி அந்த வட்டில் முன்பிருந்ததெல்லாம் போய்விடும். தங்கச்சியின் கல்லூரிப் படங்கள் உள்ளே இருந்தால் முன்பே நகலெடுத்து வைத்துவிடுங்கள்.

பென் டிரைவைப் பிடுங்கிவிட்டு மறுபடி இயக்கினால் இயங்குதளம் தயார். அடுத்து, கேட்டதை எடுத்துத் தரும் மென்பொருள் ஒன்று வேண்டும். அப்பாச்சி (1995), என்ஜின்எக்ஸ் (2004) ஆகிய இரண்டும் பெரியவை. 2003இல் வந்த லைட்டிபிடி என்பது சிறியது, பழைய கணினிக்குத் தோதானது. ஆல்பைனின் பொதி மேலாளரிடம் ஒரு வரி சொன்னால் இறக்கித் தரும். இன்னும் இரண்டு வரி சொன்னால் கணினி தொடங்கும்போதெல்லாம் தானும் தொடங்கிக்கொள்ளும். இதற்கென ஒதுக்கப்பட்ட ஒரு கோப்புறை இருக்கிறது. அதில் நீங்கள் போடுவதெல்லாம் கேட்பவருக்குப் போகும். போடாதது போகாது. வழங்கி என்பதன் முழு இரகசியமும் இதுதான், வேறொன்றும் இல்லை. என்ன பெரிய வித்தை என்று பயமுறுத்தி வைத்திருந்தார்கள்!

தமிழுக்கென்று ஒரு குறிப்பு. பக்கத்தின் தலைப்பகுதியில் இது யூடிஎஃப்-8 குறியேற்றம் என்று ஒரு வரி எழுத வேண்டும். இல்லாவிட்டால் சில உலாவிகளில் தமிழ் குப்பை எழுத்துகளாகக் கொட்டும். 90களில் ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியேற்றம் என்று தமிழர்கள் ஒருவர் எழுதியதை ஒருவர் படிக்க முடியாமல் தவித்த கதை தனியே எழுத வேண்டியது. 1998 பொங்கலன்று கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கிய மதுரைத் திட்டம்கூட அந்தக் காலக் குறியேற்றத்தில் தொடங்கிப் பின்னர் யூனிகோடுக்கு மாறியதுதான். யூனிகோடில் நம் எழுத்துக்கு ஆங்கிலத்தைவிட அதிக இடம் தேவை. ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட். அப்படியிருந்தும் கணக்குப் போட்டுப் பாருங்கள். நூறு பக்கச் சிறுபத்திரிகை ஒன்றின் முழு எழுத்தும் ஒரு எம்பிக்குள் அடங்கிவிடும். தமிழில் வந்த எல்லாச் சிறுபத்திரிகைகளையும் எழுத்தாக அடித்து வைத்தால் பரணில் கிடக்கிற அந்த ஒரு மடிக்கணினிக்குள் போய்விடும். 2005 முதல் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் சேர்த்துவரும் நூலகம் திட்டத்தைப் பார்க்கிறபோது நமக்குக் குறைவது இயந்திரம் அல்ல, உட்கார்ந்து செய்கிற ஆட்கள் என்பது விளங்கும்.

4

இதுவரை செய்தது வீட்டுக்குள். அதே வைஃபையில் இருக்கிற கைப்பேசியின் உலாவியில் அந்தக் கணினியின் எண்ணை, 192.168.1.10 என்பது போல, அடித்தால் பக்கம் வரும். அந்த எண் நாளைக்கு மாறிவிடாமல் ரூட்டரில் நிலையாக ஒதுக்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

வெளி உலகம் உள்ளே வர வேண்டுமானால் முகவரி வேண்டும். இங்கேதான் சிக்கல், இங்கேதான் அரசியல். இணையத்தின் பழைய முகவரி முறையில் மொத்தம் சுமார் 429 கோடி எண்கள்தான். உலக இருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டது. யாருக்கு நிறையக் கிடைத்தன? முதலில் வந்தவர்களுக்கு. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களும் பெருநிறுவனங்களும் கோடிக்கணக்கில் வளைத்துப் போட்டபின், கடைசியில் வந்த நமக்கு மிச்சம் மீதிதான். எனவே நம் இணைப்பு நிறுவனங்களில் பல, ஒரே முகவரியை நூற்றுக்கணக்கான வீடுகளுக்குப் பங்கு போட்டுத் தருகின்றன. கூட்டுப் பட்டா மாதிரி. வெளியே போகிற கடிதம் போய்ச்சேரும், பதிலும் வரும். ஆனால் புதிதாக ஒருவர் தேடி வந்தால் எந்த வீடு என்று சொல்ல ஆள் இல்லை. உங்களுடையது கூட்டுப் பட்டாவா என்று பார்க்க ரூட்டரின் பக்கத்தில் வெளி முகவரியைப் பாருங்கள். 100.64இல் தொடங்கி 100.127 வரைக்குள் இருந்தால் கூட்டுப் பட்டாதான்.

இதற்கு வழிகள் நான்கு. இணைப்புத் தருகிறவரிடம் மாதக் கட்டணம் கட்டித் தனிப்பட்டா, அதாவது நிலையான முகவரி, வாங்கலாம். வாங்கியபின் ரூட்டரில் 80, 443 ஆகிய இரு வாசல்களை மட்டும் நம் கணினிக்குத் திருப்பிவிட வேண்டும். இரண்டாவது, ஐபிவி6 என்ற புதிய முகவரி முறை. அதில் எண்ணுக்குப் பஞ்சமில்லை, ஒவ்வொரு வீட்டுக்கும் தனி எண்கள் உண்டு. ஆனால் தேடி வருகிறவரிடமும் அது இருக்க வேண்டும். மூன்றாவது, வெளியில் ஒரு சிறிய வாடகைக் கணினியை வாசல்காரராக வைத்து அங்கிருந்து நம் வீட்டுக்கு வயர்கார்டு போன்ற கருவியால் ஒரு சுரங்கம் தோண்டிக்கொள்ளலாம். நான்காவது, கிளவுட்ஃப்ளேர் போன்ற நிறுவனங்கள் அந்தச் சுரங்கத்தை இலவசமாகவே தோண்டித் தருகின்றன. சௌகரியம்தான். ஆனால் பூட்டைத் திறந்து பூட்டுகிற சாவி அவர்கள் கையில் இருக்கும். நடுவில் போகிற எதையும் அவர்களால் படிக்க முடியும். பண்ணையை விட்டு வெளியேறி, பண்ணையார் போட்ட பாதையிலேயே நடப்பது போன்றது இது. கூடாது என்று சொல்ல வரவில்லை. தெரிந்து செய்யுங்கள் என்கிறேன்.

முகவரிக்கு மேல் ஒரு பெயரும் வேண்டும். பெயரை ஆண்டுக் கட்டணத்துக்கு வாங்குகிறோம். 'வாங்குகிறோம்' என்பதே பொய். அது ஆண்டுக் குத்தகை. கட்டத் தவறினால் கைவிட்டுப் போகும். பூட்டுச் சான்றிதழை 2015 முதல் லெட்ஸ் என்கிரிப்ட் என்ற இலாப நோக்கற்ற அமைப்பு இலவசமாகத் தருகிறது. அது நீண்டநாள் செல்லாது, தானாகப் புதுப்பிக்கும்படி அமைத்துவிட வேண்டும்.

வாசலைத் திறந்தால் திருடனும் வருவான். வந்தே தீருவான், உலகம் முழுக்க வாசல் வாசலாகத் தட்டிப் பார்க்கிற நிரல்கள் ஓய்வதில்லை. தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் 22ஆம் வாசலை வெளியே திறக்காமல் இருப்பதே நல்லது. திறந்தே ஆக வேண்டுமென்றால் கடவுச்சொல்லை நிறுத்திவிட்டுச் சாவிக் கோப்பால் மட்டும் நுழைகிற மாதிரி வைக்க வேண்டும். வாரம் ஒருமுறை இயங்குதளத்தைப் புதுப்பிக்க வேண்டும். தேவையில்லாத எதையும் நிறுவக் கூடாது. லேசான இயங்குதளத்தின் இன்னொரு நன்மை இது. சன்னல் குறைவான வீட்டில் பூட்ட வேண்டியதும் குறைவு.

5

சரி, இதனால் நமக்கு விடுதலை கிடைத்துவிடுமா? கிடைக்காது. அதையும் பேசிவிட வேண்டும்.

2025 பிப்ரவரி 15 அன்று விகடனின் இணையதளம் முடக்கப்பட்டது. பிரதமரைப் பற்றிய ஒரு கார்ட்டூன் காரணம். மார்ச் 6 அன்று சென்னை உயர் நீதிமன்றம், கார்ட்டூனை நீக்கச் சொல்லி, முடக்கத்தையும் விலக்கச் சொன்னது. ஒரு பக்கத்துக்காக முழுத் தளத்தையும் மறைப்பது எவ்வளவு எளிது என்பதை அது காட்டியது. வழங்கி உங்கள் வீட்டில் இருந்தாலும் இதைத் தடுக்க முடியாது. இணைப்பு நிறுவனங்களிடம் அந்தப் பெயரை மறைக்கச் சொன்னால் மறைத்துவிடுவார்கள். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. பெருநிறுவனத்தின் வழங்கியில் இருந்தால் பார்வையும் போகும், பொருளும் போகும். வீட்டில் இருந்தால் பார்வை போனாலும் பொருள் கையில் இருக்கும். வேறு பெயரில், வேறு வழியில் மறுநாள் வைக்கலாம்.

இன்னொன்று இதைவிட முக்கியம். 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் ஸ்டெர்லைட்டுக்கு எதிராகத் திரண்டவர்கள்மேல் துப்பாக்கிச் சூடு நடந்து 13 பேர் கொல்லப்பட்ட மறுநாள், தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டங்களிலும் இணையம் நிறுத்தப்பட்டது. என்ன நடந்தது என்று ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு சொல்லிக்கொள்ள வேண்டிய நேரத்தில் வாய் கட்டப்பட்டது. வழங்கி தொலைதூரத்தில் இருக்கிறவரை பக்கத்து வீட்டுக்குச் சேதி சொல்லவும் கடல் தாண்டிப் போய்வர வேண்டியிருக்கிறது. வழங்கி ஊருக்குள் இருந்தால் இணையம் இல்லாமலே அந்த வைஃபையின் எல்லைக்குள் அது வேலை செய்யும். வீட்டு வழங்கி என்ற கருத்தின் கலகத்தன்மை இங்குதான் இருக்கிறது என்பது என் வாதம். அது முதலில் ஊருக்கு, பிறகுதான் உலகத்துக்கு. எபன் மோக்லன் 2010இல் முன்வைத்த 'ஃப்ரீடம்பாக்ஸ்' என்ற வீட்டு வழங்கித் திட்டத்தை, ஹைதராபாத்தின் சுவேச்சா போன்ற கட்டற்ற மென்பொருள் இயக்கத்தினர் கிராமங்களுக்கு எடுத்துச் சென்றதும் இந்தத் திசையில்தான். ஒரு படிப்பகம், ஒரு ரூட்டர், ஒரு பழைய மடிக்கணினி. வருகிறவர்கள் தங்கள் கைப்பேசியில் புத்தகம் படிக்கலாம், மனு மாதிரிகளை எடுத்துக்கொள்ளலாம், சட்ட விவரங்களைப் பார்க்கலாம். ஒரு பைசா டேட்டா செலவில்லை.

ஆனால் 'வீடு' என்ற சொல்லை அவ்வளவு சுலபமாகக் கொண்டாட முடியாது. யாருடைய வீடு? தனியறையும் தடையில்லா இணைப்பும் யாரிடம் இருக்கின்றன? ஒழுகாத கூரை யாரிடம் இருக்கிறது? இயக்கங்களில் இந்த இயந்திரம் போய் உட்காருகிற இடம் பெரும்பாலும் ஓர் ஆண் தோழரின் வீடாக இருக்கும். அதைத் துடைத்து, சூடேறுகிறதா என்று பார்த்து, கரண்ட் வந்ததும் போட்டுவிடுகிற வேலை அந்த வீட்டுப் பெண்ணின் தலையில் விழும். கடவுச்சொல் மட்டும் அவருக்குத் தெரியாது. லினக்ஸில் 'ரூட்' என்று ஒரு பயனர் உண்டு என்றேன். எதையும் படிக்கலாம், எதையும் அழிக்கலாம், கேட்பாரில்லை. ஊர் நாட்டாமை மாதிரி. நிறுவனத்தின் அதிகாரத்தை எதிர்த்து வைத்த வழங்கியில் புதிதாக ஒரு நாட்டாமையை உட்காரவைப்பதானால் இந்தப் பாடெல்லாம் எதற்கு? இரண்டு மூன்று பேருக்குத் தனித்தனிக் கணக்கு, தனித்தனிச் சாவி, அதில் ஒருவராவது பெண், யார் என்ன மாற்றினார் என்பதற்கு ஒரு நோட்டுப் புத்தகம். இது நிர்வாகக் குறிப்பு என்று தோன்றலாம். சனநாயகம் என்பதே இப்படிப்பட்ட நிர்வாகக் குறிப்புகளின் தொகுப்புதான்.

வீட்டில் இயந்திரம் இருப்பது ஒரு பாதுகாப்பு; அதே சமயம் ஒரு தடயம். சோதனை போட வருகிறவர்கள் முதலில் தூக்கிப்போவது கணினியைத்தான். பீமா கோரேகான் வழக்கில் 2018இல் கைதான ரோனா வில்சனின் கணினிக்குள் தீங்குநிரல் வழியாக வெளியாட்கள் கோப்புகளை வைத்தார்கள் என்று அமெரிக்காவின் ஆர்செனல் கன்சல்டிங் 2021இல் வெளியிட்ட அறிக்கை கூறியது. ஆகவே சில விதிகள். ஊருக்குக் காட்டத் தயங்காததை மட்டுமே இந்த வழங்கியில் வையுங்கள். பாதிக்கப்பட்டவர்களின் பெயரும் முகமும் உள்ள மூல ஆவணங்களைப் பூட்டிய வேறொரு வட்டில், இணையத்தோடு சேராமல் வைக்க வேண்டும். யார் வந்து எதைப் படித்தார்கள் என்று வழங்கி தானாக எழுதிவைக்கிற பதிவேட்டை நிறுத்திவிடுங்கள். வாசகர்களின் பட்டியலை நாம் ஏன் யாருக்கோ தயாரித்துத் தர வேண்டும்? வைத்த கோப்புகளின் நகலை வேறு இரண்டு ஊர்களில் வைக்க வேண்டும். பொம்மிடியில் ஒன்று, அரூரில் ஒன்று, சேலத்தில் ஒன்று என்று மூன்று பழைய மடிக்கணினிகள் இரவில் ஒன்றுக்கொன்று நகலெடுத்துக்கொள்வதை 'ஆர்சிங்க்' என்ற சிறு கருவி பார்த்துக்கொள்ளும். ஒன்று எரிந்தாலும், பறிபோனாலும், மற்ற இரண்டும் இருக்கும்.

சி.சு. செல்லப்பா 1959இல் 'எழுத்து' தொடங்கி, புத்தகக் கட்டைத் தானே சுமந்துபோய் விற்றதை நாம் தியாகக் கதையாகச் சொல்லிச் சொல்லியே பழகிவிட்டோம். தியாகத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் அங்கே நடந்தது ஒரு பொருளாதார ஏற்பாடு. எழுதுகிறவனிடமே விநியோகமும் இருந்தது; ஆகவே என்ன எழுதலாம் என்று வேறு யாரும் சொல்ல முடியவில்லை. சிறுபத்திரிகை என்பது ஒரு வடிவம் என்பதைவிட இந்த ஏற்பாடுதான் எனலாம். அச்சிலிருந்து திரைக்கு வந்தபோது எழுத்தை வைத்துக்கொண்டு ஏற்பாட்டைக் கைவிட்டோம். வீட்டு வழங்கி அந்த ஏற்பாட்டின் ஒரு பகுதியை மட்டும் திரும்பத் தருகிறது. படிப்பகங்கள், சங்கங்கள், சிறுபத்திரிகைக் குழுக்கள் இதை ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலையாக எடுத்துக்கொள்ளலாம். பரணில் இருப்பதை இறக்குங்கள், தூசி தட்டுங்கள். முதலில் வைக்க வேண்டியது உங்கள் பகுதியில் வெளிவந்து நின்றுபோன இதழ்களும், உண்மையறியும் குழு அறிக்கைகளும். எழுதியவர்களிடமும் அவர்கள் குடும்பத்தாரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வையுங்கள்.